திருத்தப்பட்டவர்கள்

ஆபீஸில் அவருக்கு ஒழுங்கு என்று பேர். அப்பா அம்மா வைத்த பேர் சம்பளச் சீட்டில் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். மேஜைமேல் பேனா கோணலாகக் கிடந்தால் நேராக்கி வைப்பார். பக்கத்து மேஜைப் பேனா என்றாலும் விடமாட்டார். "ஒழுங்கு வந்தாச்சு, எல்லாரும் நேரா உக்காருங்க" என்று இளவட்டங்கள் கிண்டலடித்தால், சிரிக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விடுவார். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், புரோகிராம் எழுதுவதைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாதவர். வீட்டில் அம்மாவும் தம்பியும்.

மனிதர்களிடம் எதையும் வாய்விட்டுக் கேட்பது மட்டும் அவருக்கு வேப்பங்காய். தெரியாத தெருவில் மாட்டிக்கொண்டால் சுற்றிச் சுற்றி வருவாரே தவிர, எதிரே வருகிறவரை நிறுத்தி வழி கேட்கமாட்டார். கடைக்காரர் தப்பான சாமானைக் கட்டிக் கொடுத்தாலும் அதையே வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்வார். கேட்டால் எதிராளியின் முகம் எப்படி மாறுமோ என்ற பயம். கம்ப்யூட்டருக்கு அந்த வம்பு கிடையாது. கேட்டதற்கு உண்டு, இல்லை என்று இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அவருக்கும் அதற்கும் ஒத்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தம்பி நேர் எதிர். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறவன். பேச ஆள் கிடைக்காவிட்டால் விளக்குக் கம்பத்தோடு பேசுவான். ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி ஒன்றுக்குள் கையை விட்டு இடது கைச் சுண்டுவிரலின் நுனியைப் பறிகொடுத்தான். அதற்கும், "நகம் வெட்டுற வேலை ஒண்ணு மிச்சம்" என்று சொல்லி அம்மாவிடம் அடி வாங்கினான். வெளியூர் வேலை என்று கிளம்பினால் சில நாள் ஆளே தெரியாது. பிறகு ஒரு பொழுதில் பையைத் தூக்கிக்கொண்டு, "பசிக்குது" என்றபடி வந்து நிற்பான்.

அந்தத் தடவை வரவில்லை. போன் அணைந்திருந்தது. சண்டை எதுவும் நடக்கவில்லை, முகம் கோணும்படி ஒரு பேச்சும் நடக்கவில்லை. கோபித்துக்கொண்டு போனான் என்றால் கோபம் தணிந்து வருவான் என்று இருக்கலாம். அந்த ஆறுதல்கூட அவர்களுக்கு இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒழுங்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். ஆஸ்பத்திரி என்றால் வார்டுகள் அல்ல, பின்பக்கம். ஊரில் இருந்த ஒவ்வொரு பிணவறைக்கும் தனித்தனியாகப் போக வேண்டியிருந்தது. ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. பேர் தெரியாத பிணங்களைத் தேடி வருகிறவர்களுக்கு அங்கே ஒரே ஒரு முறைதான். உள்ளே கூட்டிப் போய் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார்கள். துணியை விலக்கி, "இவரா?" "இல்லை." அடுத்தது. "இவரா?" "இல்லை." தன் வீட்டுப் பிள்ளை ஒருவனைத் தேடப் போனவர் ஊரார் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். அம்மா நானும் வருகிறேன் என்றபோது, தலைகீழாக நின்றாலும் கூட்டிப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தவர் பிசைந்தபடியே எழுந்து கை கழுவிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய கம்பெனிக்கு அந்த வேலை வந்தது. எல்லாப் பிணவறைகளையும் ஒரே புரோகிராமில் இணைக்க வேண்டும். தேடி வருகிறவர் எந்தக் கவுன்டரில் நின்று அடையாளம் சொன்னாலும், ஊர் முழுக்க எங்காவது அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று உடனே சொல்ல வேண்டும். ஆபீஸில் யாருக்கும் அதைத் தொட மனமில்லை. வாய்விட்டு எதையும் கேட்காத மனிதர் எழுந்து போய் முதலாளியிடம் கேட்டார்.

"சார், இதை நான் செய்யறேன்."

"நீயா? ரத்தத்தைப் பாத்தாலே மயக்கம் வர்ற ஆளாச்சேய்யா நீ?"

"பரவாயில்ல சார்."

ஏன் என்று முதலாளி கேட்கவில்லை; ஒழுங்கு சொல்லவும் இல்லை. சொன்னால், சொந்தக் காரியத்துக்காக வேலையை வாங்கிக்கொண்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம்.

ஒரு கூட்டத்துக்குள் இன்னது இருக்கிறதா என்று கேட்பது இந்தத் தொழிலில் பாலபாடம். ஒரே வரிதான். 'கன்டெய்ன்ஸ்' என்று எழுதிக் கேட்டால் உண்டு அல்லது இல்லை என்று பதில் வரும். ஆனால் அந்த ஒரு வரி வேலை செய்ய வேண்டுமானால், எதை வைத்து இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டுவது என்பதை எழுதுகிறவர்தான் சொல்லித் தர வேண்டும். அம்மா தேடுகிற மகனும் பெட்டியில் கிடக்கிற உடலும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பேர் உதவாது, செத்தவர் பேர் சொல்லமாட்டார். சட்டையும் உதவாது, போன அன்று போட்டிருந்த சட்டையோடுதான் செத்தார் என்று என்ன நிச்சயம்? ஒழுங்கு பல நாள் இதையே யோசித்துக்கொண்டு திரிந்தார். கடைசியில் ஆணா பெண்ணா, வயது இருபதுகளா முப்பதுகளா, உடம்பில் எந்த இடத்தில் என்ன அடையாளம், இவை மூன்றும் பொருந்தினால் அதே ஆள் என்று முடிவு செய்தார். அடையாளம் என்று எழுதும்போதெல்லாம் அவர் கண்முன் நின்றது ஒரு சுண்டுவிரல்.

பதில் சட்டென்று வரவேண்டும் என்பதற்காக இன்னொரு ஏற்பாடும் செய்தார். தபால் ஆபீஸில் கடிதம் பிரித்துப் போடுகிற அலமாரியை நினைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான சின்னப் பொந்துகள். ஒரு உடல் வந்து சேர்ந்ததும் அதன் விவரங்களை எழுதுவார்கள். அந்த விவரங்களைக் கொண்டே அது எந்தப் பொந்துக்குப் போக வேண்டும் என்று புரோகிராம் கணக்குப் போட்டு அங்கே வைக்கும். பிறகு யாராவது தேடி வந்தால், அவர் சொல்லும் அடையாளத்துக்கும் அதே கணக்கைப் போட்டு நேராக அந்தப் பொந்துக்குள் மட்டும் கையை விடும். அங்கே இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மற்ற பொந்துகளை எட்டிக்கூடப் பார்க்காது. யாரும் யாருடைய பிணத்தையும் தேவையில்லாமல் பார்க்க வேண்டாம். தான் பட்டது போதும் என்பதுதான் அவர் எண்ணம்.

புரோகிராம் ஓடத் தொடங்கியதும் ஊர்க்கோடி ஆஸ்பத்திரியின் பிணவறை ஊழியர் ஒரு கோரிக்கை வைத்தார். வருஷம் முழுக்க ஸ்வெட்டரைக் கழற்றாத மனிதர் என்பதால் ஸ்வெட்டர்க்காரர் என்றே எல்லோரும் சொல்வார்கள்.

"சார், ஆளைக் கொண்டுவந்து போடும்போது சேறும் ரத்தமுமா இருக்கும். குத்துமதிப்பா ஒரு வயசு போட்டுடறோம். கழுவி விட்டாத்தானே உண்மை தெரியுது? அப்புறம் மாத்தணும்னா பழசை அழிச்சிட்டு முதல்லேருந்து எழுத வேண்டியிருக்கு. இருக்கறதையே திருத்தற மாதிரி ஒரு வழி பண்ணிக் குடுங்களேன்."

நியாயமான கோரிக்கை. ஒழுங்கு அன்றைக்கே உட்கார்ந்து 'திருத்து' என்று ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தார். ஸ்வெட்டர்க்காரருக்கு ஒரே சந்தோஷம். மின்சாரம் போனால் தேடி வந்தவர்கள் காத்திருக்க வேண்டுமே என்று ஒழுங்கு பேட்டரி வைக்கச் சொல்லி முதலாளியிடம் வாதாடி அதையும் வாங்கி மாட்டினார். ஓடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடியது புரோகிராம். அவர் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட காரியங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

தினமும் காலையில் ஆபீஸ் வந்ததும் முதல் வேலையாகக் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைத் திறப்பார். ஆண். முப்பதுகள். இடது கைச் சுண்டுவிரல், நுனி இல்லை. தட்டுவார். இல்லை என்று வரும். அதன் பிறகுதான் அவருக்கு மூச்சு சீராகும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முகத்தைப் பார்ப்பாள். இவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போவாள். பக்கத்து வீட்டில், "பெரியவன் ஒரு மெஷின் செஞ்சிருக்கான். செத்தவங்க யாரு எங்க இருந்தாலும் சொல்லிடும். சின்னவன் அதுல இல்ல. அப்ப எங்கயோ நல்லாத்தான் இருக்கான்" என்று அவள் சொல்வது சுவர் வழியாக இவர் காதில் விழும். அதைக் கேட்டு இவருக்கும் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

இப்படியே மழைக்காலம் வந்து போயிற்று. ஒருநாள் முற்பகலில் போன் வந்தது. ஸ்வெட்டர்க்காரர்.

"சார், கொஞ்சம் உடனே வாங்க. இங்க ஒரு அம்மா என் சட்டையைப் புடிச்சிட்டு நிக்கறாங்க."

போனார். கவுன்டரில் ஒரு பெண்மணி நின்றிருந்தார், தையல்காரர். கணவரைக் காணோம் என்று ஏற்கெனவே இரண்டு தடவை வந்து கேட்டிருக்கிறார்; இரண்டு தடவையும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. இன்று மூன்றாவது தடவை. அப்போதும் இல்லை. திரும்பிப் போகிறபோது, ஓரமாக அடுக்கியிருந்த துணி மூட்டைகளில் ஒன்று அவிழ்ந்து ஒரு சட்டைக் காலர் வெளியே தெரிந்தது. கிழிந்த காலரைத் திருப்பிப் போட்டுத் தைத்தது அவர் கை. தன் தையல் தனக்குத் தெரியாதா? அந்த மூட்டைக்குரியவர் உள்ளே மூன்றாவது பெட்டியில் இருந்தார்.

"யாருய்யா இதை எழுதினது?" என்று அந்த அம்மா கேட்டார். சத்தம் போடவில்லை. அழுது முடித்த குரல். "போன வாரமும் வந்தேன். இல்லேன்னுச்சு. நானும் நம்பி வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அவரு இங்க கிடக்க, நான் அங்க தூங்கினேன்."

ஒழுங்கு ஸ்வெட்டர்க்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து, தானே ஒருமுறை கேட்டுப் பார்த்தார். ஆண், அறுபதுகள், முதுகில் ஆபரேஷன் தழும்பு. இல்லை. எல்லாரையும் வரிசையாகக் காட்டு என்று சொல்லிப் பார்த்தார். வரிசையில் அந்த மனிதர் இருந்தார். ஆண், அறுபதுகள், முதுகில் ஆபரேஷன் தழும்பு. எழுத்துக்கு எழுத்து அதேதான். உள்ளே ஆள் இருக்கிறார். கேட்டால் இல்லை என்கிறது. இன்னும் சிலரை அதேபோல் கேட்டுப் பார்த்தார். சிலர் கிடைத்தார்கள். சிலர் கிடைக்கவில்லை. கிடைக்காத ஒவ்வொருவரின் பதிவிலும் ஒரே ஒரு குறி பொதுவாக இருந்தது. அவர்கள் எல்லோரும் திருத்தப்பட்டவர்கள்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வந்தபோது எழுதின விவரத்துக்குக் கணக்குப் போட்டு ஒரு பொந்தில் வைத்தாயிற்று. பிறகு 'திருத்து' பொத்தானை அழுத்தி விவரத்தை மாற்றினார்கள். விவரம் மாறியது, ஆள் பழைய பொந்திலேயே கிடந்தார். தேடி வருகிறவர்கள் சரியான அடையாளம் சொன்னார்கள். புரோகிராமும் சரியாகக் கணக்குப் போட்டுப் புதிய பொந்துக்குள் கையை விட்டது. அங்கே யாரும் இல்லை. எடுத்துத் திருத்தி மறுபடி உள்ளே போட வேண்டும், உள்ளே வைத்தபடியே திருத்தக் கூடாது. தொழிலில் நுழைகிற பொடியன்களுக்கு அவரே சொல்லித் தருகிற விஷயம் இது. புதிதாக எழுதிக் கேட்டுப் பார்த்துச் சோதித்தவர், திருத்தியபின் ஒருமுறை கேட்டுப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் ஒரே ஒரு தடவை மின்சாரம் போய் எல்லாம் அணைந்து மறுபடி தொடங்கியிருந்தால் போதும். தொடங்கும்போது எல்லாருக்கும் புதிதாகக் கணக்குப் போடும்; ஒவ்வொருவரும் தானாகவே சரியான பொந்தில் போய் உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் நடக்காதபடி பேட்டரி மாட்டியவர் அவர்தான்.

யாரை ஒருமுறை எழுதிப் போட்டுவிட்டு மறுபடி திரும்பிப் பார்க்கவில்லையோ அவர்களெல்லாம் கிடைத்தார்கள். யாரை ஸ்வெட்டர்க்காரர் போன்ற ஒருவர் பொறுமையாகக் கழுவி, உற்றுப் பார்த்து, சரியாக எழுத வேண்டும் என்று மெனக்கெட்டாரோ அவர்கள் மட்டும் காணாமல் போனார்கள். இதைவிடக் கொடுமையாக ஒன்றைத் திட்டம் போட்டுச் செய்தாலும் செய்ய முடியாது.

ஆபீஸுக்குத் திரும்பி முதலாளியிடம் சொன்னார். முதலாளி கதவைச் சாத்தினார்.

"சத்தம் போடாம சரி பண்ணிடு. வெளிய தெரிஞ்சா நம்ம கதை முடிஞ்சுது."

"போன் பண்ணணும் சார்."

"யாருக்கு?"

"கேட்டுட்டு இல்லேன்னு திரும்பிப் போனவங்களுக்கு. யாரு என்ன கேட்டாங்கன்னு உள்ள இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் நான் பண்றேன்."

"உனக்கென்ன பைத்தியமா? மனுஷங்ககிட்ட நாலு வார்த்தை பேச வராது உனக்கு. அவங்களுக்குப் போன் பண்ணி என்ன சொல்லுவ?"

"தெரியல சார். ஆனா பண்ணணும்."

முதலாளி மென்று விழுங்கினார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஒழுங்கு தன் இடத்துக்கு வந்தார். திருத்துகிற இடத்தைச் சரிசெய்ய நாலைந்து வரிதான் ஆயிற்று. பிறகு எல்லாவற்றையும் அணைத்து மறுபடி ஓட விட்டார். இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளை எல்லாம் திரும்பக் கேட்கச் சொன்னார். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதில்கள் இறங்கின. பெரும்பாலும் இல்லை. நடுநடுவே இருக்கிறது. இருக்கிறது என்று வந்ததை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். தன் கேள்வியை மட்டும் அதில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்.

ஒதுக்கி வைத்தால் ஓடிவிடுமா? வெறும் பயம். கேட்காத வரைக்கும் சின்னவன் எங்கேயோ ஒரு ஊரில், யார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கோ பின்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். பக்கத்து மேஜைப் பேனாவை நேராக்கினார். திரும்பி வந்து உட்கார்ந்து, ஆண், முப்பதுகள், இடது கைச் சுண்டுவிரல், நுனி இல்லை என்று எழுதித் தட்டினார்.

இருக்கிறது.

ஊர்க்கோடி ஆஸ்பத்திரி. வந்தபோது: ஐம்பதுகள், அடையாளம் இல்லை. திருத்தியபின்: முப்பதுகள், இடது கைச் சுண்டுவிரல். யாரும் உரிமை கோரவில்லை. நகராட்சி மூலம் அடக்கம் செய்யப்பட்டது.

ஸ்வெட்டர்க்காரருக்குப் போன் செய்தார். பேசியது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"அண்ணே, இடது கை சுண்டுவிரல் நுனி இல்லாத ஒருத்தர். மழைக்கு முன்னாடி."

"ஞாபகம் இல்லாம என்ன சார்? லாரி அடிச்சு ரோட்டோரப் பள்ளத்துல கிடந்தாரு. மூஞ்சி தெரியல. கொண்டாந்து போட்டப்போ யாரோ வயசானவருன்னுதான் நினைச்சோம். கையை மூடியிருந்தாரு. கழுவும்போது விரிச்சுப் பாத்தா விரல்ல அந்த அடையாளம். நான்தான் சார் வயசை மாத்தினேன், விரலையும் எழுதினேன். யாராவது தேடி வந்தா கிடைக்கணுமேன்னு. ரொம்ப நாள் வெச்சிருந்தோம், யாரும் வரல. யாரு சார் அது?"

"என் தம்பி."

அந்தப் பக்கம் ஸ்வெட்டர்க்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்காரும் சத்தம் கேட்டது.

"சார், வாராவாரம் மெஷின் நல்லா ஓடுதான்னு பாக்க வந்தீங்க. நாம டீ குடிச்சோமே, அந்த இடத்துக்குப் பின்னாடி சுவருக்கு அந்தப் பக்கம்தான் சார் இருந்தாரு. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இப்படி ஒரு தம்பி, இப்படி ஒரு விரல்னு வாயைத் தொறந்து ஒரே ஒரு வார்த்தை. கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே சார்."

ஒழுங்கு போனை வைத்தார். குற்றம் சொல்லும் குரலில்கூட ஸ்வெட்டர்க்காரர் அதைச் சொல்லவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் குறித்து வைத்த மற்ற குடும்பங்களுக்கெல்லாம் போன் செய்தார். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர், "நல்லதுப்பா, சொன்னதுக்கு" என்று சொல்லிவிட்டு விம்மினார். எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: இல்லை என்று சொன்னது தப்பு, நான்தான் எழுதினேன். அதைச் சொல்லச் சொல்ல வாய் பழகிக்கொண்டது. மிச்சமிருந்தது ஒரு வீடு.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டுவார் என்று முகத்தைப் பார்த்தவள், கையிலிருந்த சட்டையை மடிப்பதை நிறுத்தினாள். சின்னவனுடைய சட்டை. போடாத சட்டையைக்கூட வாரத்துக்கு ஒருமுறை துவைத்து வைப்பாள். ஒழுங்கு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, பொந்து, கணக்கு எதுவும் சொல்லாமல், நடந்ததை மட்டும் சொன்னார். அம்மா இடைமறிக்காமல் கேட்டாள்.

"நேத்து வரைக்கும் இல்லேன்னியே."

"நேத்து சொன்னது தப்பும்மா."

"அப்ப இன்னிக்குச் சொல்றது மட்டும் சரியா? தப்பா சொல்ற மெஷின் ரெண்டு பக்கமும் தப்பா சொல்லும். நான் எதுக்குடா நம்பணும்?"

ஆஸ்பத்திரிப் பதிவோடு சேர்த்திருந்த போட்டோவை அவர் போனில் காட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. ஒழுங்கு விரலைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"விரல் போனவன் உலகத்துல இவன் ஒருத்தன்தானா?" என்றாள் அம்மா. குரல் மட்டும் லேசாக உடைந்தது. "இது யாரு பெத்த புள்ளையோ. நான் நேர்ல பாக்கணும்."

"புதைச்சிட்டாங்கம்மா."

"அப்ப புதைச்ச இடத்தைப் பாக்கணும்."

மறுநாள் போனார்கள். ஊரைத் தாண்டி, கழிவுநீர்க் குளத்துக்குப் பின்னால் கம்பிவேலி போட்ட வெற்று நிலம். ஸ்வெட்டர்க்காரர் லீவு போட்டுவிட்டு முன்னாலேயே வந்து நின்றார், வெயிலிலும் ஸ்வெட்டர். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியைத் தோளில் போட்டபடி அவர்களை ஒரு வரிசைக்குக் கூட்டிப் போனார். சின்னச் சின்ன மண்மேடுகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு மரக்குச்சி. எழுதியிருந்த எண்களை மழை தின்றிருந்தது.

"இந்த வரிசைதான். அதுல சந்தேகமே இல்ல" என்றார் குழி வெட்டுகிறவர். "எதுன்னு கேட்டீங்கன்னாத்தான் கஷ்டம். மழையில குச்சியெல்லாம் சாஞ்சு தண்ணியில போயிடுச்சு. பொறுக்கிக் கொண்டாந்து நாங்களே மறுபடி நட்டோம். எது எதோடதுன்னு யாருக்குத் தெரியும்?"

"தோண்டிப் பாக்க எழுதிக் குடுக்கலாம் சார்" என்று ஸ்வெட்டர்க்காரர் மெதுவாகச் சொன்னார். "நாளாகும். ஆனா செய்வாங்க."

ஒழுங்கு அம்மாவைப் பார்த்தார். அம்மா இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். வரிசையின் தொடக்கத்தில் இருந்த முதல் மேட்டுக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தாள். மண்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். உதடு அசைந்தது; என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து அடுத்த மேட்டுக்குப் போனாள். அங்கேயும் அப்படியே. ஸ்வெட்டர்க்காரர் கைதாங்கலாகப் பிடிக்கப் போனார். அவள் கையை உதறிவிட்டாள். வெயில் ஏறியது. நீண்ட வரிசை. குழி வெட்டுகிறவர்கூட மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு நின்றார். ஒரு மேட்டையும் அவள் விடவில்லை.

ஏதாவது ஒன்றில் அவள் கை நின்றுவிடாதா என்று ஒழுங்கு பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றுவிடக் கூடாதே என்றும் பயந்தார். சின்னவன் அங்கே இருந்தான். அதில் அவருக்குச் சந்தேகமில்லை. அம்மாவின் கை அவன்மேலும் பட்டுத்தான் போயிருக்கும். எந்த மேட்டில் என்பது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

கடைசி மேட்டிலிருந்து எழுந்து, கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு அம்மா திரும்பி வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. சின்னவன் காணாமல் போன நாளிலிருந்து அவள் முகத்தை அவர் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

"அவன் இங்க இல்லடா" என்றாள்.

அவ்வளவு நாளும் அழாத மனிதர் நின்ற இடத்திலேயே உடைந்து அழுதார். ஸ்வெட்டர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தானையால் மகனின் முகத்தைத் துடைத்துவிட்டு, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"எதுக்குடா அழற? அதான் ஒண்ணு விடாம பாத்துட்டேனே. இல்ல. வா, வீட்டுக்குப் போகலாம்."